முதல் மேஜைக்கு மார்பிள் கட்டர் வேண்டாம்

தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ போட்டுக்கொள்ள, இரண்டு பக்கமும் பெஞ்சு சேர்ந்த மர மேஜையைத் தானே செய்ய வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வந்து கேட்பவர்கள் இப்போது அதிகம். நல்ல ஆசை. தச்சு வேலையில் முதன்முதலாகக் கைவைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. இழுப்பறை இல்லை, கதவு இல்லை, நுணுக்கமான பொருத்து எதுவும் இல்லை. பலகையை அளந்து, வெட்டி, போல்ட் போட்டால் மேஜை நின்றுவிடும். எனக்குக் கவலையெல்லாம் அதைச் செய்ய அவர்கள் வாங்கும் மெஷினைப் பற்றித்தான்.

பெரும்பாலும் அது 4 இஞ்ச் மார்பிள் கட்டர். விலை குறைவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கல் வெட்டும் பிளேடைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த மர பிளேடை மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் இரும்பு அறுக்கும், தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டரிலேயே மாட்டுகிறார்கள். இடைஞ்சலாக இருக்கிறதென்று பிளேடை மறைக்கும் மூடியான கார்டையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தச்சர்களே இப்படிச் செய்வதைப் பார்த்துப் பழகியதால் யாருக்கும் இது தப்பாகத் தெரிவதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களின் கைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விரல் நுனி இல்லாதவர்கள் கண்ணில் படுவார்கள்.

கல் பிளேடு தேய்த்து அறுக்கும். மர பிளேடின் பல் கடித்து இழுக்கும். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மரத்துக்கென்றே செய்த 7 இஞ்ச் சர்குலர் சா ஏறத்தாழ அதில் பாதி வேகம்தான். அதில் பிளேடு பலகையை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் வைத்த கார்டு தானாக வந்து பிளேடை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்த மூடி கிடையாது. போதாததற்குப் பல மெஷின்களில் சுவிட்சை லாக் செய்துவிடலாம். கையை விட்டு எகிறினாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

எகிறுவது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஸ்டூல் போட்டு, ஆறடிப் பலகையை இரு முனையிலும் தாங்க வைத்து, நடுவில் வெட்டுகிறீர்கள். முக்கால்வாசி அறுந்ததும் பலகை தன் எடையிலேயே நடுவில் தொய்கிறது. வெட்டின வாய் நெருங்கி பிளேடை இறுக்குகிறது. சுற்ற வழியில்லாத பிளேடு மொத்த மெஷினையும் உங்கள் பக்கமாகத் தூக்கி அடிக்கிறது. அந்த நேரம் பார்த்து இடது கை பலகையைப் பிடித்தபடி பிளேடு வரும் வழியிலேயே இருக்கும். இல்லாவிட்டால் முழங்காலைக் கொடுத்து அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். சுதாரிக்க நேரமே இருக்காது. பலகையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, வெட்டுப்படும் துண்டை வெளியே நீட்டி, அது தானாகக் கீழே விழும்படி வைத்தால் வாய் இறுகாது. கைரம்பத்துக்கும் இதே முறைதான்.

ஆம், கைரம்பம். ஆறடி மேஜைக்கு என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்: மேல் பலகை 5, பெஞ்சுக்கு 4, கால் 4, குறுக்குச் சட்டம் 4, சாய்வுத் தாங்கி 2. மொத்தம் 19 துண்டு. இதில் நீளப் பலகை ஒன்பதையும் மர டிப்போவிலேயே அளவுக்கு அறுத்து, இழைத்து வாங்கிவிடலாம். மீதிப் பத்தைக் கைரம்பத்தில் வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராளம். மெஷின் என்று போல்ட் ஓட்டை போட டிரில்லிங் மெஷின் ஒன்று போதும்.

டிரில்லோ ரம்ப மெஷினோ, சுற்றுகிற எதையும் கிளவுஸ் போட்டுக்கொண்டு இயக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். நூல் ஒன்று சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, தளர்ந்த முழுக்கை, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம் போடுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் மஞ்சள்தூள், காபித்தூள் என்று எதையும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

மேஜை கவிழ்வதும் ஒரு விபத்துதான். பெஞ்சு மேஜையோடு சேர்ந்திருப்பதால், எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் ஒரு பக்கம் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் மொத்தமும் சாயப் பார்க்கும். காலின் அடி, பெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். அழகுக்காகக் காலை உள்ளே இழுக்காதீர்கள். ஒரு காலைச் சரியாக வெட்டி, அதையே பர்மாவாக, அதாவது அளவு மாதிரியாக, வைத்து மற்ற மூன்றையும் குறித்தால் சாய்வு மாறாது. காலும் சட்டமும் சேரும் எட்டு இடத்திலும் இரண்டிரண்டு 10 மி.மீ. போல்ட், வாஷரோடு. ஆணி அடித்தால் பருவம் மாறும்போது தளர்ந்துவிடும். மேல் பலகைகளுக்கு நடுவில் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், மழைத்தண்ணீர் வடியட்டும்.

தொழிற்சாலைகள் கழித்துப்போடும், சரக்கு அடுக்கும் பேலட் மரம் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையைத் தேடுங்கள். 'HT' (எச்.டி.) என்றிருந்தால் மரத்தின் உள்வரை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடேற்றியது. 'MB' (எம்.பி.) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்தது. அதையும் முத்திரை இல்லாததையும், எண்ணெய்க்கறை படிந்ததையும் சாப்பிடும் மேஜைக்குத் தொடவே வேண்டாம்.

மரத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது என்-95 மாஸ்க் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. தேக்குத் தூளும் தூள்தான்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேறாமல் தானே தீப்பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.