கல்லில் 1919 என்று இருந்தால் அது 1919-தான்

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "சார், எங்க ஊர் மணிக்கூண்டுல வெள்ளைக்காரன் காலத்துக் கல்லு ஒண்ணு இருக்கு. பதினஞ்சாம் தேதிக்குள்ள பளிச்சுனு ஆக்கணும்." பழைய கல்லைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் இந்த அவசரம் எனக்குப் பழக்கம். இந்த வருஷம் வந்த போன் கொஞ்சம் வித்தியாசமானது. பளிச்சென்று ஆக்கி முடித்துவிட்டு, அப்புறம் கூப்பிட்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தேன். மூன்றடிக்கு இரண்டடி சலவைக்கல், முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து போனவர்களுக்கான நினைவுக்கல். சுற்றிலும் ரோஸ் நிற எனாமல் பட்டை, எழுத்துப் பள்ளங்களில் வழிய வழிய சில்வர் பெயின்ட். அதுகூடப் பரவாயில்லை. "1914–1919" என்று செதுக்கியிருந்த இடத்தில் "1914–1918" என்று இருந்தது. ஒன்பதின் திறந்த வாயைப் பட்டி வைத்து மூடி, எட்டாக்கி, மேலே வெள்ளி பூசியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர் பெருமையாகச் சொன்னார்: "வருஷம் தப்பா இருந்துச்சு சார். கூகுள்ல பாத்துட்டுதான் திருத்தினோம்."

இது எனக்கு முதல் முறையாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஐயா, கல்தச்சருக்குத் தேதி தெரியாமல் போகவில்லை. 1918 நவம்பர் 11 அன்று ஏற்பட்டது சண்டை நிறுத்தம், அவ்வளவுதான். சமாதான உடன்படிக்கை வெர்சாயில் கையெழுத்தானது 1919 ஜூன் 28. இங்கிலாந்திலேயே எத்தனையோ ஊர்களின் போர் நினைவுச் சின்னத்தில் 1914–1919 என்றுதான் இருக்கும். போர் முடிந்து சிப்பாய்களுக்குக் கொடுத்த வெற்றிப் பதக்கத்தின் பின்புறத்திலும் அதே 1914–1919. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இன்னும் தள்ளிப்போய், 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களை முதல் உலகப் போர்க் கணக்கில் வைக்கிறது. டெல்லி இந்தியா கேட்டில் 1919-இன் ஆப்கன் போரில் செத்தவர்களுக்கும் இடம் உண்டு.

இன்னொன்று. நம்மவர்களில் பலர் போனது பிரான்சுக்கு அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும், இன்றைய ஈராக்கான மெசபடோமியாவுக்கும். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் கரையிறங்கி அடி வாங்கிய படையில், பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63ஆவது காலாட்படையும் இருந்தது. அந்தக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ஆயுதத்தைக் கீழே வைத்ததே 1918 நவம்பர் 25-ஆம் தேதிதான். நவம்பர் 11-க்கு மறுநாளே எல்லோரும் கப்பலேறி வீட்டுக்கு வந்துவிடவும் இல்லை. 1919 தொடக்கத்தில் மெசபடோமியாவின் பாஸ்ராவில் காய்ச்சலில் செத்தவனை, "போர் முடிஞ்சு போச்சே" என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுவீர்களா? கல் தள்ளவில்லை. நீங்கள் ஒரு கிராம் பட்டியில் தள்ளிவிட்டீர்கள்.

சரி, இந்தக் கல்லில் என்னதான் இருக்கிறது? ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். இந்தியா முழுக்க ஊர் ஊராக இதே அச்சு வாசகம்தான். பெயர் கிடையாது, பதவி கிடையாது, சாதி கிடையாது. சிலை, சிங்கம், தோரணம் எதுவும் கிடையாது. இரண்டு எண்கள், அவற்றைச் சுற்றி வெற்றிடம். அலங்காரம் இல்லாததால் "சும்மா ஒரு போர்டு" என்று நினைத்துக் கை வைத்துவிடுகிறார்கள். என் கண்ணுக்கு, அந்த வெற்றிடம்தான் அந்தக் கல்லின் அழகே. ரோஸ் பட்டை எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த இரண்டு எண்களை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை, அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். இப்படிப் பாரபட்சம் நடந்தது உண்மைதான் என்று போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் அறிக்கை விட்டு ஒப்புக்கொண்டது. அங்கேயும் பெயரில்லை, இங்கேயும் பெயரில்லை. ஊரில் மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான். அதில் 1 என்ற இலக்கம் 7 ஆனால் ஆறு பேர் புதிதாகச் செத்துப்போகிறார்கள்.

"வெள்ளைக்காரன் கல்லு, இருந்தா என்ன, போனா என்ன" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. போனவர்கள் எந்தத் தெரு என்று மட்டும் கேட்பேன்.

இப்போது வேலைக்கு வருவோம். ஆசிட் கூடவே கூடாது. சலவைக்கல் மேல் ஆசிட் ஊற்றினால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும். கிரைண்டர், மணல் பீய்ச்சல், வாட்டர் வாஷ் பிரஷர் பம்ப், உப்புக் காகிதம் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். அதற்குப் போகாத கறையை விட்டுவிடுங்கள், நூறு வருஷக் கல்லில் கறை இருப்பது குற்றமில்லை. எழுத்துக்குள் ஈயம் அடித்திருந்தால் நோண்டிப் பார்க்காதீர்கள். கல் ஆடினால் சிமென்ட் வைத்து அப்பாதீர்கள், சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். (பின்னால் இரும்புப் பிடி துருப்பிடித்து உப்பித்தான் முக்கால்வாசிக் கல் மூலை உடைகிறது. சிமென்ட் அப்பினால் அது கண்ணுக்கே தெரியாமல் போகும்.) சுற்றி டைல்ஸ் ஒட்டும் ஆசை வந்தால், தயவுசெய்து ஒரு டீ குடித்துவிட்டு யோசியுங்கள்.

புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் புதுக்கல் வைக்கலாமே. சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போர் வெற்றிக்காகக் கட்டியது. இரண்டாம் உலகப் போர், 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், பாகிஸ்தான் போர் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. முதல் போரை அழித்துவிட்டா மற்றதை எழுதினார்கள்?

எழுத்து படிக்க முடியவில்லையா? இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து போட்டோ எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தானாக எழும். காசு செலவில்லை. எல்லா வேலைக்கும் முன்னால் இதைச் செய்து ஒரு படத்தை எனக்கோ, பக்கத்து அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். இது கட்டளை இல்லை, கெஞ்சல்.

அந்த ஊர்க் கல்லுக்கு வருகிறேன். பெயின்ட்டை ஊறவைத்து, பட்டியை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. ஒன்பது திரும்பி வந்துவிட்டது. ஆனால் இறந்தவர் எண்ணிக்கையின் கடைசி இலக்கம் வரவில்லை. அங்கே யாரோ முன்பே கிரைண்டர் ஓட்டியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு நேர்கோடு தெரிகிறது. ஒன்றாக இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். பழைய போட்டோ யாரிடமும் இல்லை.

பெயின்டர் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "அப்போ எந்த நம்பர்தான் சார் எழுதட்டும்?"

எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லி, சில்வர் டப்பாவை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.