திருஷ்டி எலுமிச்சம்பழமும் மொசைக் தரையும்

வாசகி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "அமாவாசைக்கு வாசல்ல எலுமிச்சம்பழத்த அறுத்து குங்குமம் தடவி வச்சோம், காலைல எடுத்துப் பாத்தா மொசைக் தரைல வட்டமா மங்கிப்போன தழும்பு, எவ்ளோ தேச்சும் போகல, இது கெட்ட சகுனம்னு மாமியார் பயப்படுறாங்க." பயப்பட ஒண்ணுமே இல்லங்க. சுண்ணாம்புக்கல் மேல ஆசிட் பட்டா கரையும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதேதான். இதுல தோஷம், பரிகாரம்னு சொல்லி வீட்டுல இருக்கிறவங்கள கலங்கடிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வருது.

மொசைக், அதாவது டெரஸோ, போடுற விதம் எல்லாருக்கும் தெரியும். மார்பிள் சிப்ஸ், சிமெண்ட், மார்பிள் பவுடர் கலந்து கண்ணாடிப் பட்டிக்கு நடுவுல பரப்பி, இறுகினதும் கார்போரண்டம் கல் மாட்டின மெஷின்ல மொதல்ல 60ம் நம்பர், அப்புறம் 120, கடைசியா 320ன்னு தேய்ப்பாங்க, நடுவுல ஊசி ஓட்டையெல்லாம் சிமெண்ட் பால் வச்சு அடைப்பாங்க. எனக்கு ஆச்சரியமே அதுக்கு அப்புறம் வர்ற ஸ்டெப்தான்: ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர், சதுர மீட்டருக்கு 33 கிராம், தூவி தண்ணி தெளிச்சு அழுத்தித் தேய்க்கிறது.

ஆசிட் பட்டா மார்பிள் அரிக்கணும்ல, எப்படி மினுக்குது? மார்பிள்னா கால்சியம் கார்பனேட். எலுமிச்சைல இருக்கிற சிட்ரிக் ஆசிட் அதுலேர்ந்து கால்சியத்த பிடுங்கி கால்சியம் சிட்ரேட்டா மாத்துது, அது லிட்டர் தண்ணில கிட்டத்தட்ட 1 கிராம் கரையும், புளிப்புச் சாறுல இன்னும் கூடவே கரையும், அதனால கழுவினதும் போயிடுது, பின்னாடி கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் நிக்குது, வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுது, நமக்கு மங்கலாத் தெரியுது. அதாவது அது கறையே இல்ல, பள்ளம், அதான் துடைச்சா போக மாட்டேங்குது. ஆக்ஸாலிக் ஆசிடும் அதே மாதிரிதான் கால்சியத்த பிடுங்குது, ஆனா உண்டாகுற கால்சியம் ஆக்ஸலேட் லிட்டருக்கு 7 மில்லிகிராம்கூட கரையாது! பிறந்த எடத்துலயே படிஞ்சு நுண்ணிய கீறலையெல்லாம் நிரப்பி ஒரு படலமா உக்காந்துடுது, தேய்க்கத் தேய்க்க அது வழவழன்னு ஆகி பளபளப்பு வருது. சேப்பங்கிழங்கு நறுக்கினா கை அரிக்குதே, அதுக்குக் காரணமும் இதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள்தான், கிட்னி ஸ்டோன்ல பெரும்பாலானதும் இதுதான். உடம்புல நமக்கு வேதனை குடுக்குற அதே கரையாத குணம் தரைல காவலா நிக்குது, எனக்கு இத நெனச்சா அலுக்கவே அலுக்காது.

ரோம்ல இருக்கிற டிராஜன் தூண் மாதிரி பழைய மார்பிள் மேலயும் ஆக்ஸலேட் படலம் இருக்கு, இத்தாலில அம்மோனியம் ஆக்ஸலேட் தடவியே பழைய கல்லையும் சுவரோவியத்தையும் காப்பாத்துறாங்க. நம்ம ஊர்ல சுண்ணாம்புக் காரை பூசின பழைய வீடு எவ்வளவோ இருக்கு, அதுல இத சோதிச்சுப் பாக்க நம்ம காலேஜ் லேபுக்கெல்லாம் கொஞ்சம் பணம் ஒதுக்கணும்னு ஆசை.

பாலிஷ் போட்ட தரை அப்புறம் ஏன் தாங்கலன்னா, படலம் ரொம்ப மெல்லிசு, வருஷக்கணக்கா நடந்து தேஞ்சு போயிருக்கும். சரி பண்ண, பாலிஷ் போடுறவங்கள கூப்பிட்டு அந்த எடத்த மட்டும் நைஸ் கல்லுல தேச்சு மறுபடி ஆக்ஸாலிக் போடச் சொல்லுங்க. அந்தப் பவுடர் விஷம், க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. பாத்ரூம் ஆசிட்ட மட்டும் ஊத்திடாதீங்க, அது ஹைட்ரோகுளோரிக், அதுல வர்ற கால்சியம் குளோரைடு தண்ணில அப்படியே கரைஞ்சு ஓடிடும், தழும்பு இன்னும் ஆழமாயிடும்.