பிரைவசி: தனிமையா, அந்தரங்கமா, தனியுரிமையா?

புது ஸ்மார்ட்போன் வாங்கும் பேச்சில் கேமரா, பேட்டரி, விலை எல்லாம் முடிந்த பிறகு வரும் சொல் பிரைவசி. "இந்த போன்ல பிரைவசி எப்படி?" என்று கேட்பவரின் மனத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கூட இருப்பவர்கள் போனைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். செயலிகள் ஒட்டுக்கேட்கின்றனவோ என்ற சந்தேகமாக இருக்கலாம். போனைச் செய்த நிறுவனமே தன்னைப் பற்றி என்ன சேர்த்து வைக்கிறது என்ற கேள்வியாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதால், அதற்குத் தமிழ் தேடும்போதும் குழப்பம் வருகிறது.

பிரைவசியின் வேர் லத்தீன். 'பிரிவாரே' என்றால் விலக்குதல், பறித்தல். பறித்தல் என்ற பொருள் ஆங்கிலத்தின் 'டிப்ரைவ்' என்ற சொல்லில் இன்னும் அப்படியே இருக்கிறது. 'பிரிவாட்டுஸ்' என்பவர் பொதுப்பதவி எதுவும் இல்லாத தனிமனிதர். ராணுவத்தில் பதவி இல்லாத சாதாரணச் சிப்பாயை ஆங்கிலத்தில் 'பிரைவேட்' என்று சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். அதாவது, பொது வாழ்விலிருந்து விலக்கி வைக்கப்பட்ட நிலையைக் குறித்த சொல் இது. மனிதர் விரும்பிக் கேட்கும் ஒன்றாக அது மாறியது வெகுகாலம் கழித்து.

அந்த மாற்றத்தில் கேமராவுக்கும் பங்கு உண்டு. 1890இல் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கும் புகைப்படங்களும் வம்பு தேடும் செய்தித்தாள்களும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன, சட்டம் இதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீதிபதி தாமஸ் கூலி சொல்லியிருந்த 'தன்னை விட்டுவிடச் சொல்லும் உரிமை' என்ற தொடரை அவர்கள் எடுத்து ஆண்டார்கள். 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 12ஆம் பிரிவில் இதைச் சேர்த்தது. 1967இல் ஆலன் வெஸ்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தந்த விளக்கம்தான் இன்றைய போனுக்கு மிகவும் பொருந்துகிறது: தன்னைப் பற்றிய செய்தி பிறருக்கு எப்போது, எப்படி, எவ்வளவு போக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வது.

இனித் தமிழுக்கு வருவோம். 'தனிமை' பொருந்தாது, அது ஆள் துணையில்லாத நிலை. 'இரகசியம்' மறைக்க வேண்டிய ஒன்றைத்தான் சொல்லும். "என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று பலர் இந்தக் கவலையைத் தள்ளிவிடுவதற்குக் காரணம், பிரைவசியை மனத்துக்குள் இரகசியம் என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான். 'அந்தரங்கம்' நல்ல பழைய சொல். வடமொழியில் அந்தர் என்றால் உள்ளே, அங்கம் என்றால் உறுப்பு. அந்தரங்கச் செயலாளர் என்று பதவிப் பெயரிலும் வழங்கியது. ஆனால் இன்று அது உடலையும் உறவையும் சார்ந்த பொருளிலேயே அதிகம் புழங்குகிறது. தினமும் எந்த நேரத்துக்கு எந்தச் சாலையில் போகிறோம் என்பதை யாரும் அந்தரங்கம் என்று சொல்லமாட்டார்கள். போன் சேர்த்து வைப்பதோ பெரும்பாலும் இந்த மாதிரிச் செய்திதான்.

'தனியுரிமை' என்ற சொல் ஏகபோக உரிமை என்ற பொருளிலும் வருவதுண்டு. அந்தக் குறை இருந்தாலும் எனக்கு அதுவே சரியென்று படுகிறது. உரிமை என்றால் உரியது, நமக்குச் சொந்தமானது. தனி என்ற சொல்லில் பறிகொடுத்த தொனி இல்லை; ஒப்பற்றது என்ற பொருளும் அதற்கு உண்டு. மறைப்பதா வேண்டாமா என்பதைத் தாண்டி, முடிவு யாருடையது என்று இந்தச் சொல் கேட்கிறது.

அந்த வேறுபாட்டை ஒரு டார்ச் செயலியில் பார்க்கலாம். 2013இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், ஆண்ட்ராய்டில் கோடிக்கணக்கானோர் இறக்கிய ஒரு டார்ச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. செயலியைத் திறந்ததும் விதிமுறைகள் வரும். கீழே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பட்டன்கள். எதையும் அழுத்துவதற்கு முன்பே போன் இருக்கும் இடமும் அதன் அடையாள எண்ணும் விளம்பரக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. போனவை பெரிய இரகசியங்கள் அல்ல. கேட்பதுபோல் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எடுத்துக்கொண்டார்கள். பறிபோனது உரிமை.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. அனுமதிகளுக்கு மொத்தமாகச் சம்மதித்தால்தான் செயலி இறங்கும் என்றிருந்த ஆண்ட்ராய்டில், 2015 முதல் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. 2019இல் இருப்பிடத்துக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தேர்வு சேர்ந்தது. 2021இல் ஐபோன், பிற செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடரலாமா என்று செயலிகள் நேரடியாகக் கேட்டாக வேண்டும் என்று வைத்தது.

இங்கேதான் இன்னொரு சொல் குறுக்கே வருகிறது: பிராண்ட் லாயல்ட்டி. பிராண்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் நெருப்பு, எரியும் கட்டை. அப்புறம் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியானது, அதிலிருந்து வணிகப்பெயரானது. லாயல்ட்டி, சட்டத்தைக் குறிக்கும் லத்தீன் 'லெக்ஸ்' வழி வந்தது. 'லீகல்' அதன் உடன்பிறப்பு. இதைத் தமிழில் 'பிராண்ட் விசுவாசம்' என்கிறார்கள். 'வணிகப்பெயர்ப் பற்று' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பற்று என்றால் பிடித்துக்கொள்வதுதானே! ஆனால் நாம் பிடித்துக்கொள்வது எவ்வளவு, அது நம்மைப் பிடித்துவைத்திருப்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய படங்கள், காசு கொடுத்து வாங்கிய செயலிகள், அதே நிறுவனத்தின் போனோடு மட்டும் சேரும் கைக்கடிகாரம் எல்லாம் விலக விடுவதில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு முறைப்படி கொண்டுபோகும் வழியே 2022இல்தான் வந்தது.

பற்று இருப்பதில் தவறில்லை. தனியுரிமைக்கான பதிலாக அதை வைப்பதுதான் சிக்கல். "நான் இந்த கம்பெனி போன்தான் வெச்சிருக்கேன், எனக்குப் பயமில்லை" என்பது முடிவெடுக்கும் உரிமையை நிறுவனத்திடமே கொடுத்துவிட்ட பேச்சு. தனியுரிமையை விளம்பரத்திலேயே முன்வைக்கும் ஆப்பிள், தன் குரல் உதவியாளரான சிரியிடம் பயனர்கள் பேசியவற்றில் சிலவற்றை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டு மதிப்பிட்டது வெளியானதும், 2019இல் மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகே பயனரின் சம்மதத்தைக் கேட்கும் முறை வந்தது. ஐபோனின் சஃபாரி உலாவியில் கூகுளே முதல் தேடுபொறியாக இருப்பதற்கு, 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்ததாக நீதிமன்ற ஆவணங்களில் தெரியவந்தது. எதிரெதிர் முகாம்கள் என்று நாம் சண்டை போடும் இரண்டு பெயர்களுக்கும் இடையே இவ்வளவு பணம் கைமாறுகிறது.

கடைசியாக, பாதுகாப்பையும் தனியுரிமையையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது. அந்நியர் உள்ளே வராமல் காப்பது பாதுகாப்பு. கைரேகைப் பூட்டு, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதெல்லாம் அதில் சேரும். நாமே உள்ளே விட்டவர் என்ன எடுத்துப் போகலாம் என்பது தனியுரிமை. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அனுமதி வாங்கிய செயலிக்கு அது தடையில்லை. "இந்த போன் பாதுகாப்பானது, ஆனால் தனியுரிமை குறைவு" என்று ஒரே வாக்கியத்தில் தாராளமாகச் சொல்லலாம்.