மில்லியன்: சொல் விளக்கம்

ரெனே கிளேர் 1931இல் இயக்கிய 'லெ மிலியோன்' என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தின் பெயரைத் தமிழில் எழுத முனைவோர் பெரும்பாலும் 'மில்லியன்' என்றே விட்டுவிடுகின்றனர். கடன்காரர்களுக்கு ஒளிந்து திரியும் பாரிஸ் ஓவியன் மிஷேலுக்கு ஒல்லாந்துப் பரிசுச்சீட்டில் பெருந்தொகை விழுகிறது. ஆனால் சீட்டு இருந்த பழைய மேற்சட்டையை, காவலர்களுக்குப் பயந்து ஓடிவந்த திருடன் ஒருவனுக்கு இரக்கப்பட்டு மிஷேலின் காதலி பெயாட்ரிஸ் கொடுத்துவிட்டிருக்க, அது கைமாறி இசைநாடகப் பாடகர் ஒருவரிடம் போய்ச் சேருகிறது. மேடையில் அந்தச் சட்டைக்காக நடக்கும் இழுபறியின்போது ரக்பி ஆட்டக்களத்தின் ஆரவாரத்தை ஒலியாகச் சேர்த்தது, பேசும் படம் தொடங்கிய காலத்தில் செய்யப்பட்ட அருமையான குறும்பு.

இலத்தீனில் 'மில்லே' என்றால் ஆயிரம். அதனோடு 'பெரிய' என்னும் பொருள் தரும் விகுதியைச் சேர்த்து இத்தாலியர் 'மிலியோனே' என்றனர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பேராயிரம்'. இடைக்காலத்தில் பிரெஞ்சுக்குச் சென்ற அச்சொல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆயிரம் தப்படி என்ற உரோமானிய அளவிலிருந்து பிறந்த 'மைல்' இதற்கு உறவு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வகுக்கப்பட்ட மெட்ரிக் முறையோ அதே வேரை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டது. அதனால்தான் மில்லியன் மிகப் பெரிதாகவும் மில்லிமீட்டர் மிகச் சிறிதாகவும் இருக்கின்றன.

ஐரோப்பிய எண்முறை ஆயிரத்துக்குப் பின் ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது. நம்முடையது நூறு நூறாக ஏறி இலட்சத்தையும் கோடியையும் தொடுகிறது. ஆகவே மில்லியனுக்கு நம் பேச்சுவழக்கில் ஒற்றைச் சொல் அமையாமல் 'பத்து இலட்சம்' என்று பெருக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இலட்சம்' வடமொழிச் சொல். பெரியாழ்வார் 'பலகோடி நூறாயிரம்' என்று பாடியதை நினைத்தால் 'பத்து நூறாயிரம்' என்பது பிழையற்ற தமிழ்தான். ஆனால் இன்று அப்படி எழுதினால் படிப்பவர் ஒரு கணம் நின்று கணக்குப் போடுவார். இலங்கை, சிங்கப்பூர், மலேசிய இதழ்களில் 'மில்லியன்' இயல்பாக வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் பத்து இலட்சமே பேச்சிலும் எழுத்திலும் வாழ்கிறது.

படத்தில் யாரும் பணத்தை எண்ணுவதில்லை. எல்லோரும் துரத்துவது ஒரு துண்டுச் சீட்டைத்தான். தலைப்பிலுள்ள 'லெ' என்ற சுட்டும் அடைசொல், எந்தத் தொகை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதை உணர்த்துகிறது. ஆகவே 'அந்தப் பத்து இலட்சம்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெருஞ்செல்வரைக் 'கோடீசுவரர்' என்னும் வழக்கை நம்பிக் 'கோடி' என்று பெயரிட்டால் தொகை பத்து மடங்கு ஏறிவிடும். 'பேராயிரம்' வேரை விளக்க உதவுமேயன்றி, தலைப்பாக வைத்தால் ஏதோ சில ஆயிரம் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.