மெடியாவை இருட்டில் நிறுத்திய ஊசி

1648-இல் ஆம்ஸ்டர்டாம் கவிஞர் யான் சிக்ஸ் எழுதிய ‘மெடியா’ நாடகத்துக்கு ஒரு அச்சுப்படம் செய்து கொடுத்தார் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். கிரேக்கப் புராணக் கதை அது. தங்க ஆட்டுத்தோலை அடைய உதவிய மனைவி மெடியாவை ஒதுக்கிவிட்டு, இளவரசி கிரெயூசாவை மணக்கிறான் ஜேசன். பழிவாங்க மெடியா அடுத்துச் செய்யும் கொலைகள் அன்றைய படித்த வாசகர்களுக்குத் தெரிந்தவைதான்.

தாளின் உயரம் சுமார் 24 செ.மீ. பெரிய கோயில் மண்டபத்தில் வெளிச்சம் கொட்டுகிறது, திருமணம் நடக்கிறது. மேலே ஜூனோ சிலை, பக்கத்தில் அவளுடைய மயில். ஜூனோ திருமணத்தைக் காக்கும் தெய்வம். அவள் கண்ணெதிரே இரண்டாம் கல்யாணம் நடக்க, முதல் மனைவி கீழே வலது மூலை நிழலில் குறுவாளோடு நிற்கிறாள். மயில் இங்கே வெறும் அடையாளம் இல்லை, ஒரு குற்றச்சாட்டு.

மெடியா கத்தவில்லை, கையை வீசவும் இல்லை. அந்தக் காலத்து ஆடம்பரமான பரோக் பாணி ஓவியர்கள் பலர் புராண ஆவேசத்தை முறுக்கிய உடல்களிலும் திறந்த வாய்களிலும் காட்டினார்கள். இங்கே அந்த வேலையை இருட்டு செய்கிறது.

சரி, வண்ணமே இல்லாத அச்சில் இருட்டு எப்படி வருகிறது? செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, அதில் ஊசியால் வரைவார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பூச்சு விலகிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் அரித்தால் பள்ளம் ஆழமாகும், அதிக மை தங்கும். கோடுகளை நெருக்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் நிழல். வெறுமனே விட்டால் தாளின் வெள்ளையே வெளிச்சம். இந்தப் படத்தில் உலர் ஊசி வேலையும் உண்டு. அமிலம் இல்லாமல் நேராகச் செம்பைக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும். அதுவும் மையைப் பிடித்துக்கொள்வதால் வெல்வெட் போன்ற கறுப்பு கிடைக்கும். ஆனால் அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரமே நசுங்கிவிடும். எனவே முதலில் எடுத்த பிரதிகளில்தான் அந்தக் கறுப்பு முழுமையாக இருக்கும்.

ரெம்பிராண்ட் தகட்டைத் திருத்திக்கொண்டே போனார். முதலில் ஜூனோவின் தலையில் கிரீடம் கிடையாது, பின்னால் சேர்த்தார். அப்புறம் துரோகத்தின் விலையைச் சொல்லும் கவிதை வரிகள் அடியில் வந்தன. பிறகு அவையும் போயின. கிரீடம் உள்ள ஜூனோ, இல்லாத ஜூனோ இரண்டையும் வைத்திருக்காதவரைச் யாரும் சேகரிப்பாளராகவே மதிக்கவில்லை என்று 1718-இல் டச்சு ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஹௌபிராக்கன் கேலியாக எழுதினார். எனக்கென்னவோ, மூலையில் இருக்கும் அந்தக் கறுப்பு எந்தப் பிரதியில் நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும்.