கோபப்பட்ட டாக்டரும் வீடு திரும்பிய சிறுமியும்

1996-இல் வந்த ‘பாஸ்டர்ட் அவுட் ஆஃப் கரோலைனா’ படத்தை, குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் பார்க்க முடியும். நடிகை அஞ்செலிகா ஹூஸ்டன் இயக்கிய முதல் படம் இது. டிஎன்டி தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. எடுத்து முடித்ததும் அவர்கள் கைவிரித்துவிட, ஷோடைம் என்ற இன்னொரு சேனல் வாங்கி ஒளிபரப்பியது.

டோரதி ஆலிசன் 1992-இல் எழுதிய நாவல்தான் மூலம். 1950-களில் தென் கரோலைனாவின் கிரீன்வில் வட்டாரம். ஏழை வெள்ளைக்காரக் குடும்பம். ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்க்கும் ஆனி, அவள் மகள் ரூத் ஆன், பிறகு அந்த வீட்டுக்குள் வரும் மாற்றாந்தந்தை கிளென். வேலையில் நிலைக்காதவன். அவன் ஆத்திரமெல்லாம் சிறுமி மேல் திரும்புகிறது. அடி மட்டுமல்ல, பாலியல் கொடுமையும்.

ஒரு கட்டத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். வால் எலும்பு முறிந்திருப்பதை டாக்டர் கண்டுபிடிக்கிறார். கோபத்தோடு தாயைக் கேட்கிறார். தாய் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான். அந்த டாக்டருக்குக் கண் இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் அடுத்து யாருக்குச் சொல்வது என்ற வழி இல்லை. அந்தக் காலம் அப்படி. சிறு குழந்தைகளின் எலும்பு முறிவுகளையும் மூளைக்கு மேல் உறையும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்து அமெரிக்க டாக்டர் ஜான் காஃபி 1946-லேயே எழுதியிருந்தார். ஆனால் இது வீட்டில் வாங்கிய அடி என்று ஹென்றி கெம்ப்பும் சக டாக்டர்களும் உரக்கச் சொன்னது 1962-இல். அதன் பிறகு சில ஆண்டுகளில்தான் அமெரிக்க மாநிலங்கள் எல்லாம், சந்தேகம் வந்தாலே டாக்டர் தகவல் தர வேண்டும் என்று சட்டம் போட்டன.

இன்று நம் ஊரில் அந்த வழி இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. கிளென் மாதிரி ஆட்களையும் சட்டம் விடவில்லை. தாயோடு அதே வீட்டில் இருப்பவர் செய்தால் தண்டனை இன்னும் கடுமை. அடி உதைக்கு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி இங்கேயும் நடக்கிறது. காரணம், கேட்கும் விதம்.

ஓ.பி.யில் நான் கவனிப்பது இதுதான். “விளையாடும்போது விழுந்துட்டா” என்பார்கள். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும். காதிலும் கழுத்திலும் முதுகிலும் தொடையின் உள்பக்கமும் கன்றியிருந்தால் கதை வேறு. காயம் பழசாக இருக்கும், கூட்டிவந்தது இன்றைக்காக இருக்கும். குழந்தையிடம் கேட்டால் பெரியவர் பதில் சொல்வார். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கும். அந்த இடத்தில் மேலே கேட்கவே கூடாது. “எடை பார்க்கணும், நர்ஸ் அக்காவோட வா” என்று தனியே அழைத்துப்போய், “என்ன ஆச்சுன்னு சொல்றியா?” என்று மட்டும் கேட்கிறேன். “அப்பா அடிச்சாரா?” என்று நாமே பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்கும் கூடாது. சொல்லத்தானே போகிறோம்! பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். அது பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம் தாய். ஆனி கடைசியில் மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளெனோடு போகிறாள். படம் பார்த்த யாருக்கும் அவளை மன்னிக்க மனசு வராது. எனக்கும்தான். ஆனால் என் முன்னால் உட்காரும் தாயை நான் திட்டினால், நாளைக்கு அவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவாள், இல்லை எங்கேயும் போக மாட்டாள். வாடகை, அடுத்த குழந்தை, கதவைச் சாத்திய பிறந்த வீடு என்று ஆயிரம் அவள் தலையில். “கூட்டிட்டு வந்தீங்களே, நல்லது” என்றுதான் ஆரம்பிக்கிறேன். போலீசுக்குச் சொல்வது என் கடமை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவளுக்கும் போக்கிடம் வேண்டும். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், மாவட்டத்தில் பெண்களுக்கு உதவும் சகி மையம் இருக்கிறது.

உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பெரியம்மா சிறுமியின் காயங்களைப் பார்த்துவிடுகிறாள். மாமன்மார் கிளெனைப் புரட்டி எடுக்கிறார்கள். பார்க்கிற நமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவன் சிறுமியிடம் எல்லாவற்றையும்விடக் கொடூரமாக நடந்துகொள்கிறான். “நம்ம பசங்களை விட்டு நாலு தட்டு தட்டுவோம், வெளியே தெரிய வேண்டாம்” என்று இங்கேயும் சொல்கிறார்கள். தட்டு வாங்கியவன் அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறான், குழந்தையும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பதில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இலவசம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். சந்தேகம் தப்பாகவே போனாலும், நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 19-ஆம் பிரிவே சொல்கிறது.