கேஸ் கார்டு: தென்னாப்பிரிக்காவில் வீட்டு எரிவாயுத் தொழிலுக்குப் பதிவு பெறுவது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் சின்னம்மா வீட்டை விற்கப் போனபோதுதான் எங்கள் குடும்பத்துக்கு இந்த விஷயமே உறைத்தது. வாங்குகிறவர் தயார், வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. பத்திரம் மாற்றும் வக்கீல் அலுவலகத்தில், "கேஸுக்குச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். சில வருடங்களுக்கு முன் அடுப்பைப் பொருத்தியவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அதில் கையெழுத்து இருந்தது, பதிவு எண் இல்லை. மனிதர் நல்ல வேலைக்காரர். காப்பர் குழாய் நூல் பிடித்ததுபோல் சுவரோடு ஓடும். ஆனால் அவர் பெயர் பதிவேட்டில் இல்லை. சிலிண்டர் கழிவுநீர்த் திறப்புக்கு ஒரு கை நீளத்தில் நின்றது. பதிவு பெற்ற ஒருவரை அழைத்துச் சிலிண்டரை நகர்த்தி, குழாயை மறுபடி போட்டு, சோதித்துச் சான்றிதழ் வாங்குவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், "அண்ணா, அந்த வேலையை நாங்களே கற்றுக்கொண்டால் என்ன?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வாட்டிய வருடங்களில் டர்பனில் எத்தனையோ வீடுகள் மின் அடுப்பை விட்டு கேஸுக்கு மாறின. மாற்றிய வீட்டுக்கெல்லாம் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்க ஆள் வேண்டும். அந்தப் பையன்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கேஸ் இன்ஜினியர் பயிற்சி என்று தேடினால் வந்து விழுவதில் பெரும்பாலானவை பிரிட்டனைப் பற்றியவை. அங்கே 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற பதிவேடு இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று பழைய 'கார்கி' பதிவேட்டின் இடத்துக்கு அது வந்தது. வீட்டு வேலைக்கு ஏசிஎஸ் என்ற மதிப்பீட்டில் சிசிஎன்1 என்ற அடிப்படைப் பகுதியைத் தேற வேண்டும். எல்லாம் சரி, ஆனால் அது அந்த நாட்டுக்கு. அங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தெருவுக்கு அடியிலிருந்து குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. நம் ஊரில் சிலிண்டரில் அடைத்த எல்பிஜி. வாயுவும் வேறு, விதியும் வேறு. இணையவழிப் பாடத்துக்குப் பணம் கட்டிவிட்டு அந்தத் தாளோடு இங்கே வேலை தேடினால் அது செல்லாது.

இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை, 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் சட்டமான தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 2009இல் அழுத்தக் கருவி விதிமுறைகள் வந்தன. அவற்றின் 17ஆவது விதி கேஸ் அமைப்புகளைப் பற்றியது. அதன்படி, புதிதாகப் பொருத்தினாலும், இருப்பதை மாற்றியமைத்தாலும், வீடு கைமாறினாலும், அங்கீகாரம் பெற்ற ஒருவர் சோதித்து இணக்கச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பேச்சில் இதை சிஓசி என்போம். சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டை வைத்திருப்பவருடையது. சின்னம்மா மாட்டிக்கொண்டது இதில்தான். "எனக்குத் தெரியாது, வந்தவர் செய்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

அந்த அங்கீகாரம் பெற்றவர் யார்? இதைத்தான் பையன்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறியதால் மட்டும் ஒருவர் அங்கீகாரம் பெற்றவர் ஆகிவிடுவதில்லை. தொழிலாளர் துறையின் ஆணையின்பேரில் எரிவாயுத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு 'எஸ்ஏக்யூசிசி கேஸ்'. அதன் பதிவேட்டில் பெயர் ஏறி, கார்டு கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போடும் உரிமை வருகிறது. பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிட்டவர் பாதி வழியில் நிற்கிறார். அந்தப் பாதி வழியிலேயே கடை திறப்பவர்கள்தான் சின்னம்மா மாதிரியான ஆட்களைச் சிக்கலில் விடுகிறார்கள்.

அப்புறம், கார்டு பொதுவான கார்டு அல்ல. முன்பக்கம் படமும் பெயரும் இருக்கும். எந்த வேலைக்கு அனுமதி என்பது பின்பக்கம் இருக்கும். எல்பிஜி தனி, இயற்கை எரிவாயு தனி, குளிர்சாதன வாயு தனி, அழுத்தமூட்டிய தொழிற்சாலை வாயுக்கள் தனி. ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொழில்துறையின் சங்கம் ஒன்று எஸ்ஏக்யூசிசி கேஸில் உறுப்பாக இருக்கிறது. எல்பிஜிக்குள்ளேயே வீடு, வணிகம், தொழிற்சாலை என்று பிரிவுகள் உண்டு. டர்பனில் வீட்டு எல்பிஜி கார்டு வைத்திருக்கும் தம்பி ஜோகன்னஸ்பர்க்குக்குப் போய், எகோலி கேஸ் நிறுவனத்தின் குழாய் வழியே இயற்கை எரிவாயு வரும் வீட்டில் கை வைக்க முடியாது. உள்ளூரிலேயே இன்னொரு உதாரணம் சொல்கிறேன். காவடித் திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கும் கோயில் அடுக்களையில் பெரிய அடுப்புகளும் 48 கிலோ சிலிண்டர்களும் வரிசையாக நிற்கும். "நம்ம பையன்தானே, கார்டு இருக்கிறதே, கோயிலுக்குச் சும்மா செய்து கொடுக்கட்டும்" என்று பெரியவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள். அது வீடு அல்ல. வீட்டுப் பிரிவு கார்டை வைத்துக்கொண்டு அங்கே கையெழுத்துப் போடக் கூடாது. மரியாதையாக மறுத்துவிட்டு, அதற்குரிய பிரிவு உள்ளவரை அழைத்து வருவதுதான் கோயிலுக்குச் செய்யும் தொண்டு.

சரி, பயிற்சியில் என்ன கற்பார்கள்? குழாய் வளைப்பதும் பற்றவைப்பதும் கைப்பழக்கம், அது வந்துவிடும். முதலில் புரிய வேண்டியது எல்பிஜியின் குணம். புரொப்பேன், பியூட்டேன் கலந்த இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தரையில் தண்ணீர்போல் படர்ந்து, பள்ளம் தேடி, சாக்கடைக்குள் இறங்கித் தங்கும். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 2 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். தனக்கென்று மணமில்லாத வாயு என்பதால்தான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்.

இந்தக் குணத்திலிருந்துதான் தேசியத் தரமான எஸ்ஏஎன்எஸ் 10087-1இல் உள்ள தூரக் கணக்குகள் பிறந்தன. வெளியே வைக்கும் சிலிண்டர், கதவு ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கழிவுநீர்த் திறப்பிலிருந்து 2 மீட்டர். எல்லைச் சுவர் தீ தாங்கும் சுவராக இல்லாவிட்டால் அதிலிருந்து 3 மீட்டர். பொறி கிளப்பக்கூடிய மின் சுவிட்ச், மோட்டார் போன்றவை சிலிண்டருக்கு மேலே போதிய உயரத்தில் இல்லையென்றால் 5 மீட்டர். அடுக்குமாடி வீட்டுக்குள் 9 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு மேல் கூடாது. வாயு எங்கே ஓடும் என்று தெரிந்தவன் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அவை தாமாக நினைவில் நிற்கும். டர்பனின் சரிவான மனைகளில் நெருக்கமாக நிற்கும் வீடுகளுக்கு இந்தத் தூரங்களைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. சின்னம்மா வீட்டுக்கு வந்தவர் குழாயைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் டேப்போடு முற்றத்தைச் சுற்றினார்.

அழுத்தம் அடுத்த பாடம். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை ரெகுலேட்டர் 2.8 கிலோபாஸ்கல் அளவுக்கு இறக்கி அடுப்புக்கு அனுப்புகிறது. அடுப்பும் கீசரும் சேர்ந்து எரியும்போது குழாயின் கடைசி முனையிலும் அழுத்தம் விழாமல் இருக்க வேண்டும். அதற்குக் குழாயின் அளவைக் கணக்குப் போட்டுத் தேர்வு செய்ய வேண்டும். ஆகவே பள்ளிக்கூடக் கணக்கைத் தூசி தட்டிக்கொள்ளுங்கள். பொருத்தி முடித்ததும் அழுத்தமானியை மாட்டி முள் இறங்குகிறதா என்று பார்ப்பது, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் செய்முறையில் வரும். காற்றோட்டம் பற்றிய பாடத்தைத் தூங்காமல் கேளுங்கள். குளியலறைக்குள் புகைப்போக்கி இல்லாமல் மாட்டிய கேஸ் கீசர் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டால், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே குளிப்பவருக்கு எதுவும் தெரியாது.

வழி இப்படிப் போகிறது: அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் எல்பிஜி வீட்டுப் பிரிவுப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, செய்முறை மதிப்பீடு, அதன் பிறகு எல்பிஜிக்கான சங்கத்தின் வழியே எஸ்ஏக்யூசிசி கேஸில் பதிவு. பணம் கட்டுவதற்கு முன், அந்த நிலையத்தின் சான்றிதழை வைத்துப் பதிவு பெற முடியுமா என்று எஸ்ஏக்யூசிசி கேஸிடமே கேட்டுவிடுங்கள். நிலையத்துக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மதிப்பீட்டுக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்டு வரும்வரை பதிவு பெற்ற ஒருவரிடம் உதவியாளாக இருந்து வேலை பழகலாம். அவர் கண் முன்னால் செய்யலாம், கையெழுத்து அவருடையது. இதில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கார்டு உள்ளவர் இடத்தைப் பார்க்காமலேயே பிறர் செய்த வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவரிடம் தொழில் பழகப் போகாதீர்கள். நாளைக்கு வெடித்தால் அந்த வீட்டில் ஒரு ஆயா தேநீர் போட்டுக்கொண்டிருப்பார்.

பணம் இல்லை என்பவர்களுக்குக் கொஞ்சம் நீண்ட பாதை ஒன்று உண்டு. நான் சின்னப் பையன்களுக்கு அதைத்தான் சொல்வேன்: முதலில் பிளம்பிங். தொழிற்கல்வி தரும் அரசின் டிவெட் கல்லூரிகளில் சேர்ந்தால், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேல் போகாதபோது என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். டர்பனில் தெக்வினி, கோஸ்டல் கேஇசட்என் போன்ற கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் நடத்தும் குறுகிய கேஸ் பயிற்சிக்கு இந்த உதவித்தொகை கிடைக்காது. பிறகு ஒரு முதலாளியிடம் முறைப்படி பதிவு செய்த அப்ரண்டிஸாகச் சேர்ந்து, டிரேட் டெஸ்ட் எழுதித் தேறினால் கைவினைஞர் சான்று. பல வருடம் வேலை செய்தும் தாள் எதுவும் இல்லாத மாமாக்களுக்கு ஏஆர்பிஎல் என்ற வழி இருக்கிறது. அனுபவத்தை மதிப்பிட்டு டிரேட் டெஸ்டுக்கு அனுப்புவார்கள்.

சொந்தமாகத் தொழில் நடத்தும் நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5,00,000 ரேண்டைத் தாண்டினால் அதில் 1 சதவீதம் திறன் வரியாகக் கட்டுகிறீர்கள். துறைக்குத் துறை இருக்கும் 'செட்டா' அமைப்புகள் பயிற்சிக்குக் கொடுக்கும் மானியம் அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது. கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும். பதிவு செய்த அப்ரண்டிஸை வைத்திருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவில் கழிவும் உண்டு. சொந்தக்காரப் பையனைச் சும்மா கூட்டிக்கொண்டு போய்க் குழாய் தூக்க வைப்பதைவிட, முறைப்படி பதிவு செய்தால் அவனுக்கும் நல்லது, கடைக்கும் நல்லது.

பிளம்பர் சான்று கேஸ் கார்டுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேஸ் கீசரில் தண்ணீர்ப் பக்கமும் நெருப்புப் பக்கமும் தெரிந்தவருக்கு வேலை அதிகம். இந்தியாவில் ஐடிஐ முடித்து இங்கே வந்தவர்கள் தங்கள் படிப்பை, கல்வித் தகுதிகளை மதிப்பிடும் எஸ்ஏக்யூஏ அமைப்பிடம் கொடுத்து மதிப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். கேஸ் பதிவுக்கு அதுவும் போதாது, இங்கே உள்ள மதிப்பீட்டை எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு ஆள் அழைப்பவர்கள் கார்டைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கமும் பாருங்கள். எஸ்ஏக்யூசிசி கேஸின் தளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். உண்மையான தொழிலாளி அதற்குக் கோபப்பட மாட்டார். சின்னம்மா வீட்டுக்கு வந்தவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே கார்டை எடுத்துச் சமையல் மேடைமேல் பின்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் டேப்பைக் கையில் எடுத்தார். பையன்களில் மூத்தவன் அன்று முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினான். இப்போது சனிக்கிழமைதோறும் அவரோடு வேலைக்குப் போகிறான்.